பழைய வண்டி கேள்வி பதில்: ஹெரால்டு ஸ்டியரிங்கை வெட்டி வெல்டு வைக்கலாமா?

கேள்வி: அப்பா ஓட்டிய 1970 ஸ்டாண்டர்டு ஹெரால்டு மார்க் 3, நாலு கதவு வண்டியைப் பிரித்துக் கட்டிக்கொண்டிருக்கிறேன். சேஸ் வேலை, டிங்கரிங், பெயிண்ட் எல்லாம் முடிந்தது. ஸ்டியரிங் மட்டும் பாக்கி. வீலைப் பிடித்து ஆட்டினால் மேலும் கீழும் ஆடுகிறது, இழுத்தால் கொஞ்சம் என் பக்கம் வருகிறது. "ராடு ரெண்டையும் சேர்த்து வெல்டு வெச்சுடலாம் தம்பி, அப்புறம் ஆட்டமே இருக்காது" என்கிறார் லேத் பட்டறைக்காரர். வெல்டு வைப்பதா, வீலைத் தாங்கும் பைப்பும் ராடும் சேர்ந்த ஸ்டியரிங் காலத்தையே (column) மாற்றுவதா?
– வாசகர், ஈரோடு

பதில்: வெல்டு வேண்டாம் தம்பி. இந்த ஒரு வரியோடு பக்கத்தைப் புரட்டினாலும் எனக்குச் சம்மதம்தான்.

உங்கள் வண்டியின் ஸ்டியரிங் ராடு ஒரே துண்டு இல்லை. மேல் ராடுக்குள் கீழ் ராடு நுழைந்து நிற்கிறது, மடக்குக் குடையின் காம்பு மாதிரி. இரண்டையும் ஒரு கிளாம்ப் இறுக்கிப் பிடித்திருக்கிறது. அந்தக் கிளாம்பைத் தளர்த்தினால் வீலை உங்கள் கை நீளத்துக்கு ஏற்ப முன்னே பின்னே நகர்த்திக்கொள்ளலாம். அது வசதிக்கு. இன்னொரு காரணம் உயிர் சம்பந்தப்பட்டது. முன்னால் பலமாக மோதினால் கிளாம்பின் பிடியை மீறி ஒரு ராடு இன்னொன்றுக்குள் சறுக்கி, மொத்த நீளம் குறைந்துவிடும். 1959-ல் இங்கிலாந்தில் ட்ரையம்ப் ஹெரால்டு என்று இந்த வண்டி வந்தபோதே இந்த அமைப்பு இருந்தது. மோதலில் ஸ்டியரிங் ஓட்டுநரை நோக்கிப் பின்னால் வரக்கூடாது என்று அமெரிக்காவில் சட்டம் நடைமுறைக்கு வந்ததே 1968 ஜனவரியில்தான். நம் சென்னையில் கட்டிய சின்ன வண்டிக்கு அந்தப் பெருமை உண்டு. பட்டறைக்காரர் சொல்கிறபடி இரண்டையும் சேர்த்து வெல்டு வைத்தால், முன் ஆக்சிலில் இருந்து உங்கள் நெஞ்சு வரைக்கும் வளையாத, சறுக்காத இரும்புக் கம்பி ஒன்றை நட்டு வைத்ததாக அர்த்தம்.

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. டிராக்டருக்கும் பம்புசெட்டுக்கும் வெல்டு வைத்துப் பழகிய கை, ஆட்டம் என்றதும் வெல்டுக்குத்தான் போகும்.

வெல்டு வைத்த இடத்தில் என்ன நடக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒருமுறை எங்கள் ஒர்க்ஷாப்புக்கு ஒரு ஹெரால்டு வந்தது. வாங்கியவருக்கு ஸ்டியரிங்கில் எந்தப் புகாரும் இல்லை, பிரேக் வேலைக்கு விட்டிருந்தார். ஹெரால்டில் பானட்டை மட்கார்டோடு சேர்த்து முன்பக்கமாகக் கவிழ்த்துவிட்டால் எல்லாம் கண்ணுக்கு நேரே தெரியும் அல்லவா? ராடில் ஒரு இடத்தில் கறுப்பு பெயிண்ட் கொஞ்சம் தடிமனாக இருந்தது. அரத்தால் லேசாகச் சுரண்டினேன். கீழே வெல்டு. அரைத்து, பட்டி போட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி பெயிண்ட் அடித்திருந்தார்கள். மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துவிட்டு, மேலே சாக்பீஸ் பொடியைத் தடவி வைத்தேன். கொஞ்ச நேரத்தில் வெல்டுக்குப் பக்கத்தில் மயிரிழை மாதிரி ஒரு ஈரக் கோடு பொடியில் ஊறி வந்தது. விரிசல் வெல்டில் இல்லை, அதற்கு ஒட்டினாற்போல இரும்பிலேயே இருந்தது. சூடுபட்டு இறுகிப்போன இடம் அதுதான். ஓடும்போது ராடுக்குப் பெரிய பாரம் கிடையாது. நின்ற இடத்தில் வீலை முழுசாக ஒடிக்கும்போதுதான் முறுக்கு அதிகம். அந்த மாதிரி ராடு எங்காவது பார்க்கிங்கில் உடைந்தால் உங்கள் அதிர்ஷ்டம். மலைப்பாதை வளைவில் உடைந்தால் என்ன சொல்வது?

சரி, மாற்றுவதா? அதற்கு முன் ஆட்டம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். காசு மிச்சமாகலாம்.

வீல் மேலும் கீழும் ஆடுகிறது என்றால் வெளிப் பைப்புக்குள் ராடைத் தாங்கும் ரப்பர் வளையமான புஷ் போய்விட்டது. என் பக்கம் வருகிறது என்கிறீர்களே, அது கிளாம்ப் தளர்ச்சி. வீல் கொஞ்சம் சுழன்ற பிறகுதான் டயர் திரும்புகிறது என்றால் கீழே ரேக்கோடு (வீலின் சுழற்சியைப் பக்கவாட்டு அசைவாக்கி டயரைத் திருப்பும் பல் சட்டம்) ராடைச் சேர்க்கும் ரப்பர் கப்ளிங்கையும், ரேக்கைச் சக்கரத்தோடு சேர்க்கும் டை ராடு எண்டையும் பாருங்கள். இன்னொன்று பலருக்குத் தெரியாது. ரேக்கைச் சேஸோடு பிடித்திருக்கும் யு-போல்ட்டுகளுக்குள் ரப்பர் இருக்கிறது. என்ஜின் ஆயில் ஒழுகி அது ஊறிப்போனால், நீங்கள் வீலைத் திருப்பும்போது ரேக்கே பக்கவாட்டில் நகரும். ஒருவரை உள்ளே உட்காரவைத்து வீலை இடமும் வலமும் ஆட்டச் சொல்லிவிட்டு, நீங்கள் பானட்டைத் திறந்து ரேக்கின் மேல் கையை வைத்துப் பாருங்கள். கையே சொல்லிவிடும். உங்கள் கடிதத்தில் உள்ளதை வைத்துப் பார்த்தால் புஷ்ஷும் கிளாம்பும்தான் குற்றவாளிகள். ராடில் வளைவோ, அதன் நுனியில் நீளவாக்கில் வெட்டிய ஸ்ப்ளைன் பல்லில் தேய்மானமோ இல்லை என்றால் ஸ்டியரிங் காலம் மொத்தத்தையும் மாற்ற வேண்டியதில்லை. எப்படியும் கழற்றித்தான் ஆகவேண்டும், அதனால் முழு வேலையையும் சொல்கிறேன்.

முதலில் பேட்டரி ஒயரைக் கழற்றுங்கள். முன் டயர்களை நேராக நிறுத்திவிட்டு, கீழே கப்ளிங் சேரும் இடத்தில் ராடிலும் கப்ளிங்கிலும் சேர்த்து ஒரு பஞ்ச் புள்ளி அடியுங்கள். டேஷ்போர்டுக்குக் கீழே இண்டிகேட்டர், ஹாரன் ஒயர்கள் வரும். மின் சாமான்கள் செய்த பழைய இங்கிலாந்து கம்பெனி லூக்காஸின் கணக்குப்படி இடது இண்டிகேட்டர் பச்சையில் சிவப்புக் கோடு, வலது பச்சையில் வெள்ளைக் கோடு. ஆனால் ஐம்பது வருட வண்டியில் எத்தனை எலக்ட்ரீஷியன் கை வைத்திருப்பார்களோ, செல்போனில் படம் எடுத்துக்கொண்டு பிறகு பிரியுங்கள். கப்ளிங்கின் இறுக்குப் போல்ட்டை வெறுமனே தளர்த்தினால் ராடு வராது, போல்ட்டை முழுசாக வெளியே எடுக்க வேண்டும். ஸ்ப்ளைனில் ஒரு பள்ளம் வெட்டியிருக்கும், போல்ட் அந்தப் பள்ளம் வழியாகப் போகிறது. நட்டு தளர்ந்தாலும் ராடு கழன்று வந்துவிடக்கூடாது என்பதற்காக. திருப்பி மாட்டும்போது பள்ளத்தில் போல்ட் உட்கார்ந்ததா என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் இறுக்க வேண்டும். அதன்பின் டேஷ்போர்டின் அடியில் பிடித்திருக்கும் பிராக்கெட்டுகளைக் கழற்றினால், வண்டிக்குள் பக்கமாக உருவி எடுக்கலாம். பெயிண்ட் முடிந்த வண்டி, கதவு ஓரத்தில் பழைய போர்வை ஒன்றைக் கட்டிவிடுங்கள்.

புஷ்ஷின் மேல் இரண்டு மொட்டு இருக்கும். வெளிப் பைப்பில் அதற்கேற்ற இரண்டு ஓட்டை. மொட்டு ஓட்டைக்குள் வந்து உட்காரவில்லை என்றால் புஷ் பைப்புக்குள்ளேயே நடந்துபோகும், மறுபடி ஆட்டம் வரும். சோப்புத் தண்ணீர் தடவி ஏற்றுங்கள். கிரீஸ் ரப்பரைத் தின்றுவிடும்.

மாட்டும் வரிசையில் ஒரு விஷயம் உங்கள் வண்டிக்கு முக்கியம். ஹெரால்டில் சேஸ் தனி, பாடி தனி. ரேக் சேஸில் இருக்கிறது, ஸ்டியரிங் காலம் பாடியில் தொங்குகிறது. பாடிக்கு அடியில் வரும் பேடுகளைப் புதிதாகப் போட்டிருப்பீர்கள். பாடி கொஞ்சம் ஏறியோ இறங்கியோ உட்கார்ந்திருக்கும். அதனால் பாடி போல்ட்டுகள் எல்லாம் முழுசாக இறுகிய பிறகே ராடை ரேக்கோடு சேருங்கள். டேஷ்போர்டு பிராக்கெட்டைத் தளர்வாக விட்டு, கப்ளிங் கோணல் இல்லாமல் நிற்கும் இடத்தைப் பார்த்துக் கடைசியில் இறுக்குங்கள். நடுவில் நிறுத்த, ரேக்கை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை சுற்றி எண்ணிப் பாதியில் விடுங்கள். அந்த இடத்தில் வீல் நேராக நிற்க வேண்டும்.

கிளாம்பைக் கடைசியாக இறுக்குங்கள். அதில் ஆலன் கீ போடும் ஸ்குரு ஒன்றும் அதற்கு லாக் நட்டும் இருக்கும். ஸ்குருவை இறுக்கி, அதன் மேல் லாக் நட்டை இறுக்கி, பிறகு வீலை இரண்டு கையாலும் இழுத்துப் பாருங்கள், தள்ளிப் பாருங்கள். அசையக்கூடாது. அசைந்தால் ஓட்டாதீர்கள்.

போல்ட் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. இந்த வண்டி முழுக்க இன்ச் மரை. 5/16 இன்ச் போல்ட்டும் 8 மில்லி போல்ட்டும் பார்க்க ஒன்றுபோல் இருக்கும், இரண்டு மூன்று மரை சுற்றும், அப்புறம் மரையைத் தின்றுவிடும். கடையில் "இதே சைஸ்தான் சார்" என்று மில்லி போல்ட்டைக் கொடுத்தால் வாங்காதீர்கள்.

கேள்வி: என் ஹெரால்டில் ஸ்டியரிங் கப்ளிங்கைப் புதிதாகப் போட்டேன். ஸ்டியரிங் நன்றாக இருக்கிறது, ஆனால் ஹாரன் போய்விட்டது. எலக்ட்ரீஷியன் ஹாரனையே மாற்றச் சொல்கிறார்.
– வாசகர், மதுரை

பதில்: ஹாரனை விட்டுவிடுங்கள், அது நன்றாகத்தான் இருக்கும். இந்த வண்டியில் ஹாரன் பட்டனை அமுக்கும்போது எர்த்து கிடைப்பது ஸ்டியரிங் ராடு வழியாக. நடுவில் நீங்கள் புதிதாகப் போட்ட கப்ளிங் ரப்பர். ரப்பரில் கரண்ட் போகாது. அதற்காகவே கப்ளிங்கின் இரண்டு பக்கத்தையும் சேர்க்கும் ஒரு சின்ன எர்த்து ஒயர் இருந்திருக்கும், பழைய கப்ளிங்கோடு குப்பைக்குப் போயிருக்கும். புதிதாக ஒன்று கட்டுங்கள். வீல் திரும்பும்போது இழுபடாத அளவுக்கு நீளம் விடுங்கள். அப்படியும் சத்தம் வராவிட்டால், ரேக்குக்கும் சேஸுக்கும் நடுவில் இன்னொரு எர்த்து ஒயர் போட வேண்டும், ஏனென்றால் ரேக்கும் ரப்பரில்தான் உட்கார்ந்திருக்கிறது. பெயிண்ட் அடித்த சேஸில் ஒயரை மாட்டினால் பயன் இல்லை. அந்த இடத்தில் மட்டும் பெயிண்டைச் சுரண்டுங்கள்.

கேள்வி: ஸ்டியரிங் வீல் கழலவே மாட்டேன் என்கிறது. ராடின் நுனியில் சுத்தியலால் தட்டினால் வருமா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: வீல் வருமோ வராதோ, ராடு கீழே போகும். ஈரோட்டுக்காரருக்குச் சொன்ன பதிலைப் பாருங்கள், அது சறுக்குவதற்காகவே செய்த ராடு. மரையும் நசுங்கும், புஷ்ஷும் கிழியும்.

நட்டை முழுசாகக் கழற்றாமல் நுனியில் சில மரை பிடித்திருக்கும்படி விடுங்கள். ஸ்ப்ளைனில் துருவிளக்கி எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊறவிடுங்கள். மறுநாள் சீட்டில் உட்கார்ந்து, முழங்காலை வீலுக்கு அடியில் கொடுத்து, இடமும் வலமுமாக மாற்றி மாற்றி ஆட்டி இழுங்கள். திடீரென்று விடுபடும். நட்டு இருப்பதால் வீல் உங்கள் மூக்கில் வந்து மோதாது. அதற்கும் மசியாவிட்டால் புல்லர் போடுங்கள்.

கேள்வி: புதுப்பேட்டையில் கண்டம் வண்டியில் கழற்றிய ஹெரால்டு ஸ்டியரிங் காலம் ஒன்று விலைக்கு வருகிறது. வாங்கலாமா, இங்கிலாந்திலிருந்து வரவழைக்கலாமா?
– வாசகர், புதுச்சேரி

பதில்: புஷ், கப்ளிங் மாதிரி ரப்பர் சாமான்களைக் கண்டத்தில் வாங்காதீர்கள். இங்கிலாந்தில் இன்னும் புதிதாகச் செய்து விற்கிறார்கள், ஹெரால்டுக்கும் அதே ட்ரையம்ப் கம்பெனியின் ஸ்பிட்ஃபயர் காருக்கும் அங்கே ரசிகர் கூட்டம் பெரிது. எடையும் குறைவு, தபால் செலவு தாங்கும். நீளமான பைப்பும் ராடும்தான் வரவழைக்கச் செலவு இழுக்கும். அங்கே பிந்தைய மாடல்களில் ஸ்டியரிங் லாக், ஸ்விட்ச் எல்லாம் மாறியிருக்கும், உங்கள் பழையதோடு அளவு பார்க்காமல் ஆர்டர் போட்டுவிட வேண்டாம்.

புதுப்பேட்டை சரக்கைக் கையில் எடுத்ததும் மேல் ராடைக் கீழ் ராடிலிருந்து உருவிப் பாருங்கள். கிளாம்ப் பிடித்திருந்த இடத்துக்கு மேலே நீளவாக்கில் பளபளவென்று கோடு கிழித்திருந்தால், அந்த வண்டி எங்கோ மோதி ராடு சறுக்கியிருக்கிறது. வைத்துவிட்டு வந்துவிடுங்கள். கோடு இல்லை என்றால் கண்ணாடிப் பலகை மேல் ராடை உருட்டுங்கள். வளைவு இருந்தால் அடியில் வெளிச்சம் தெரியும். ஸ்ப்ளைன் பல் கூராகத் தேய்ந்திருந்தால் வேண்டாம். பெயிண்ட் புதிதாக அடித்திருந்தால், கடைக்காரரிடம் கேட்டுவிட்டு ஓரிடத்தில் சுரண்டிப் பாருங்கள். சுரண்டவிடாதவரிடம் வாங்கவே வேண்டாம்.

கேள்வி: ஸ்டியரிங் காலம், புஷ், கப்ளிங், ரேக் எல்லாம் மாற்றியாகிவிட்டது. இருந்தும் என் கணவரின் ஹெரால்டு ஓட்ட முடியாத அளவு கனமாக இருக்கிறது, வளைவு முடிந்ததும் வீல் தானாகத் திரும்பி வருவதில்லை. இந்த வண்டி 25 அடி வட்டத்தில் திரும்பும் என்று பெருமையாகச் சொன்னார், எனக்குத் தோள்பட்டை வலிதான் மிச்சம்.
– வாசகி, திருச்சி

பதில்: 25 அடி உண்மைதான் அம்மா, தோள்பட்டை வலிக்கு அது காரணம் இல்லை. முன் இரண்டு டயரையும் தூக்கி, ஸ்டாண்டு வைத்து, டை ராடு எண்டு இரண்டையும் கழற்றச் சொல்லுங்கள். இப்போது வீலைத் திருப்புங்கள். லேசாகத் திரும்பினால் ஸ்டியரிங் பக்கம் குற்றம் இல்லை. டயரைக் கையால் திருப்பிப் பாருங்கள், அங்கேதான் கனம் இருக்கும்.

ஹெரால்டின் முன் சக்கரம் திரும்புவது கீழே ட்ரனியன் என்கிற பித்தளை உருப்படியின் மரையில். அதற்குப் போட வேண்டியது 90 நம்பர் கியர் ஆயில். நம் ஊரில் எல்லா நிப்பிளுக்கும் கிரீஸ் அடித்தே பழக்கம். கிரீஸ் நாளடைவில் கட்டியாகி மரைக்குள் போவதில்லை, மரை காய்ந்து துருப்பிடிக்கும். கனமாவதோடு முடியாது. ட்ரனியனுக்குள் திருகி நிற்கும் லிங்க் என்கிற இரும்பு துருவேறி, மரை இருக்கும் இடத்தில் ஒடிந்து, சக்கரம் வண்டிக்கு அடியில் மடிந்துவிடும். அதனால் பழைய கிரீஸ் மேலேயே ஆயிலை அடித்துத் திருப்திப்படாமல் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். மரையில் துரு தின்ற குழி இருந்தால் லிங்க்கை மாற்ற வேண்டும். இடது பக்கத்துக்கும் வலது பக்கத்துக்கும் மரை எதிரெதிர், மாற்றி வாங்கிவிட வேண்டாம். வேலை முடியும்வரை வண்டி வீட்டிலேயே நிற்கட்டும், உங்கள் கணவர் கோபித்துக்கொண்டாலும் சரி.

கேள்வி: என் வண்டிக்கு 50 வருடம் தாண்டிவிட்டது. விண்டேஜ் பதிவுக்குப் போகலாம் என்றிருக்கிறேன். ஸ்டியரிங் காலம் மாற்றியிருப்பதால் ஆர்.டி.ஓ. ஆபீஸில் மறுப்பார்களா?
– வாசகர், சென்னை

பதில்: 2021 விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டி, அசல் வடிவிலேயே வைத்திருக்க வேண்டும். சேஸ், பாடி, என்ஜின் இவற்றில் மாறுதல் செய்திருக்கக்கூடாது என்கிறது விதி. தேய்ந்த பாகத்துக்குப் பதில் அதே மாதிரி பாகம் போடுவது மாறுதல் ஆகாது என்பது என் கருத்து. வேறு வண்டி ஸ்டியரிங்கை மாட்ட பாடியையோ சேஸையோ வெட்டியிருந்தால் அந்தக் கதை வேறு. கட்டணம் 20,000 ரூபாய், 10 வருடத்துக்குச் செல்லும், மறுபதிவுக்கு 5,000. ஏற்கெனவே பதிவான வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஒன்று, விண்டேஜ் பதிவில் போனால் கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, பராமரிப்புக்கு என்றுதான் எடுக்கலாம். தினமும் மயிலாப்பூர் மார்க்கெட்டுக்கு எடுத்துப்போகும் ஆசை இருந்தால் இந்தப் பதிவு உங்களுக்கு வேண்டாம்.

கேள்வி: பிரீமியர் பத்மினியில் ஸ்டியரிங் ப்ளே (வெறும் ஆட்டம்) அதிகம். பாக்ஸ் மேல் உள்ள ஸ்குருவை இறுக்கினால் போதுமா?
– வாசகர், சேலம்

பதில்: பத்மினியில் ரேக் கிடையாது, ஸ்டியரிங் பாக்ஸ். நேர் ரோட்டில் ஓடியே தேய்வதால் நடுவில்தான் தேய்மானம் அதிகம். நடுவில் ப்ளே சுத்தமாகப் போகும்வரை ஸ்குருவை இறுக்கினால், ஒடிக்கும்போது ஓரத்தில் இறுகிப் பிடிக்கும். கொஞ்சம் ப்ளேயை விட்டுவைத்து, முழுக்க இடமும் வலமும் ஒடித்துப் பார்த்து, எங்கும் பிடிக்காத அளவில் லாக் நட்டைப் போடுங்கள். அதற்கும் முன்னால் பாக்ஸில் ஆயில் இருக்கிறதா என்று பாருங்கள். நிறைய பேர் அதில் ஆயில் உண்டு என்பதையே கேள்விப்பட்டதில்லை.